15 புள்ளி, 8 வரை

மகாளய அமாவாசை. 2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டு மணி. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில், பேண்டேஜ் துணி செய்யும் ஒரு சின்ன கம்பெனியின் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் பில் போடும் அக்கா. விடிந்தால் பேண்டேஜுக்கும் காஸ் துணிக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்குகிறது. காலையில் லாரி வந்துவிடும். முதல் பில்லே புது வரியில் போக வேண்டும்.

"எந்நேரம் ஆகும் தம்பி? வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிடுறேன்" என்றார் அக்கா. 2017 ஜூலையை அவர் இன்னும் மறக்கவில்லை.

வரி விகிதப் பட்டியலைத் திறந்து ஒரு வரிசை சேர்த்தேன். எச்.எஸ்.என். எண் 3005, விகிதம் 5, 22-9-2025 முதல். அதற்கு மேலிருந்த 12 சதவீத வரிசையைத் தொடவில்லை. மறுநாள் தேதி போட்டு ஒரு மாதிரி பில் எடுத்தோம். மதுரைக்குப் போகும் சரக்குக்கு மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று பிரிந்து வந்தது. பெங்களூருக்குப் போகும் சரக்குக்கு ஒருங்கிணைந்த வரி 5 என்று ஒரே கட்டமாக வந்தது. பிறகு, செப்டம்பர் 10-ஆம் தேதி பில்லில் போன சரக்கு திரும்பி வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஒரு கிரெடிட் நோட் போட்டுப் பார்த்தோம். அதில் 12 என்றே வந்தது. அப்படித்தான் வர வேண்டும். எந்தப் பில்லுக்கு எதிராகச் சரக்கு திரும்புகிறதோ, அந்தப் பில்லில் போட்ட வரிதான் கழிய வேண்டும். பழைய வரிசையை அழித்து 5 என்று மாற்றியிருந்தால் அங்கே தப்பு விழுந்திருக்கும்.

எட்டே முக்காலுக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது நான் வேறொரு ஆபீசில், பல வருஷம் முன்பு யாரோ எழுதிக் கொடுத்த புரோகிராமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விற்பனைக்கு ஒரு திரை, கொள்முதலுக்கு ஒன்று, திரும்பிய சரக்குக்கு ஒன்று, டெலிவரி சலானுக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 'வாட்' என்ற கட்டத்தை, திரையின் இடது ஓரத்திலிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு என்று அளந்து கையால் வைத்திருந்தார்கள். பெருக்கல் கணக்கும் அந்தந்தத் திரைக்குள்ளேயே புதைந்து கிடந்தது. ஒரு கட்டம் இருந்த இடத்தில் மூன்று கட்டங்கள் வர வேண்டும், எந்த மாநிலத்துக்குச் சரக்கு போகிறது என்பதைப் பார்த்து அவற்றில் சில மறைய வேண்டும் என்றானபோது, ஒவ்வொரு திரையையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. பல ராத்திரி போயிற்று. அப்படியும் திரும்பிய சரக்குத் திரை ஒன்றை விட்டுவிட்டோம். வாடிக்கையாளர் ஒருவர் கணக்கு இடிக்கிறது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இரண்டு முறையும் மாறியது வரிதான். ஆனால் 2017-இல் நான் தொட்டது திரைகளை. 2025-இல் தொட்டது ஒரு தகவலை மட்டும். நடுவில் மாறியது, திரை என்பதை யார் வரைகிறார்கள் என்பது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிகளில் விடியுமுன் நடந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாயிருக்கும். ஒருத்தி வாசல் தெளித்துவிட்டு, உள்ளே திரும்பி "இன்னைக்கு என்ன கோலம்?" என்று கேட்பாள். உள்ளேயிருந்து பதில் வரும்: "15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி." அவ்வளவுதான். கோலப் புத்தகங்களிலும் படத்துக்குக் கீழே இந்த ஒற்றை வரிதான் அச்சாகியிருக்கும்.

அந்த வரியில் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். நடு வரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 14, 13 என்று 8-இல் நிற்க வேண்டும். 'இடுக்குப் புள்ளி' என்றால் அடுத்த வரிசைப் புள்ளிகள் முன் வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக விழ வேண்டும். கூட்டிப் பார்த்தால் 169 புள்ளிகள், 15 வரிசைகள், ஓர் அறுகோண வடிவம். இதையெல்லாம் அந்த வரி விரித்துச் சொல்லவில்லை. முதலில் எந்தப் புள்ளியை வை, கையை எந்தப் பக்கம் நகர்த்து, எப்போது ஒரு அடி பின்னால் போ என்று எதுவுமே இல்லை. என்ன வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. எப்படி என்பது போடுகிறவள் கையில் இருக்கிறது. வாசல் குறுகலாக இருந்தால் அவள் இடைவெளியைக் குறைத்துக்கொள்வாள், வரி அதேதான்.

கணினித் துறையில் இதற்கு டிக்ளரேட்டிவ் முறை என்று பெயர். வேண்டியதை அறிவித்துவிட்டு, அதைச் செய்யும் வழியைக் கருவியிடம் விட்டுவிடுவது. மற்றது, 'இங்கே ஒரு கட்டம் வை, அங்கே ஒரு கோடு போடு' என்று அடி அடியாகச் சொல்லிக்கொடுப்பது. கோல உவமையை நான் அழகுக்காக இழுத்து வரவில்லை. 1970-களின் தொடக்கத்தில், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் கோலத்தைக் கணிதமாகவே ஆராய்ந்தார்கள். சில விதிகளை எழுதிவிட்டால், அவற்றைத் திரும்பத் திரும்பப் பொருத்தி ஒரு முழுக் கோலக் குடும்பத்தையே பிறப்பிக்கலாம் என்று காட்டினார்கள். சிறிய கோலமும் பெரிய கோலமும் வேறு வேறு படங்கள் அல்ல, ஒரே இலக்கணத்தின் வாக்கியங்கள். கணினி மொழிகளின் கோட்பாட்டில் 'படமொழி இலக்கணம்' என்ற கிளைக்கு அந்த ஆய்வுகள் இன்றும் அடிப்படை. நம் வீட்டு வாசலிலிருந்து போன சரக்கு அது.

இப்போது பில் திரைக்கு வருவோம். சத்திரப்பட்டிக் கம்பெனியின் விற்பனைத் திரையை நான் வரையவே இல்லை. நான் எழுதியது, விற்பனை என்றால் அந்தக் கம்பெனியில் என்ன என்பதைத்தான். ஒரு விற்பனைக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு. தேதி உண்டு. ஒன்று அல்லது பல சரக்கு வரிசைகள் உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பொருள், அதன் பேட்ச் எண், எண்ணிக்கை, விலை. மொத்தம் என்பது வரிசைகளின் கூட்டுத்தொகை, அதை யாரும் தட்டச்சு செய்ய முடியாது. சரக்கு போகும் மாநிலம் தமிழ்நாடு என்றால் வரி இரண்டாகப் பிரியும், வேறு மாநிலம் என்றால் ஒன்றாக நிற்கும். இப்படி ஒரு தொழிலின் உண்மைகளைக் கணினி படிக்கக்கூடிய விதத்தில் எழுதி வைப்பதுதான் மாடல்.

இதைப் படித்துத் திரையை வரைவது இன்னொரு புரோகிராம். அதற்குச் சில பொது விதிகள் தெரியும். தேதி என்று சொன்னால் நாட்காட்டியோடு கூடிய கட்டம் வைக்கும். 'வாடிக்கையாளர்' என்பது வேறொரு பட்டியலைச் சுட்டுகிறது என்று தெரிந்தால், இரண்டெழுத்து அடித்ததும் பெயர்களைத் தேடிக் காட்டும் கட்டம் வைக்கும். 'பல வரிசைகள்' என்றால் அட்டவணை. 'தட்டச்சு செய்ய முடியாது' என்றால் சாம்பல் நிறத்தில் வெறும் எண். செல்போனில் திறந்தால் எல்லாவற்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கும். அச்சுக்கும் அதே மாடல், வாட்ஸாப்பில் அனுப்பும் பி.டி.எஃபுக்கும் அதே மாடல்.

ஒரே ஒரு கட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜி.எஸ்.டி. எண் என்பது 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பதின்மூன்றாவது, அதே பான் எண்ணுக்கு அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. கடைசி எழுத்து, முன்னுள்ள பதினான்கையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. எங்காவது ஒரு எழுத்தை மாற்றி அடித்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். இதை மாடலில் ஒரே இடத்தில், 'ஜி.எஸ்.டி. எண்' என்ற ஒரு வகையாக எழுதினேன். அதன்பின் வாடிக்கையாளர் திரையிலும், நூல் விற்கும் வியாபாரி திரையிலும், லாரி கம்பெனித் திரையிலும், எக்செல்லிலிருந்து மொத்தமாக இறக்கும்போதும் அந்தச் சோதனை தானாக நடக்கிறது. மேலும் ஒன்று: முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தே மாநிலக் கட்டம் நிரம்பிவிடுகிறது. அக்கா அதைத் தொடுவதே இல்லை. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சரக்கு என்றால் இ-வே பில் வேண்டும், வெளிமாநிலம் என்றால் ஐம்பதாயிரத்துக்கு மேலேயே வேண்டும். அதுவும் ஒரு வரி அறிவிப்புதான். தொகை ஏறியதும் வண்டி எண் கட்டம் கட்டாயமாகிறது.

இதெல்லாம் ஏதோ புதுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ராஜபாளையத்தில் எந்த நூல் வியாபாரி ஆபீசிலும், ஆடிட்டர் ஆபீசிலும் போய்ப் பாருங்கள், டேலி ஓடிக்கொண்டிருக்கும். 1986-இல் எஸ்.எஸ்.கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய பெங்களூர் கம்பெனி அது. டேலியின் திரைகள் டி.டி.எல். என்ற மொழியில் எழுதப்பட்டவை. டேலி டெஃபனிஷன் லாங்குவேஜ். பெயரிலேயே இருக்கிறது, அது கட்டளை மொழி அல்ல, வரையறை மொழி. அறிக்கைக்குள் படிவம், படிவத்துக்குள் பகுதி, பகுதிக்குள் வரி, வரிக்குள் கட்டம் என்று ஐந்து அடுக்காக, 'இது இன்னது, இதற்குள் இவை' என்று சொல்லிக்கொண்டே போவார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏற்கனவே இருக்கும் வரையறையைத் தொடாமல் அதன்மேல் ஒரு சிறு திருத்தத்தை மட்டும் எழுதி ஒட்ட முடியும் என்பது. 'விற்பனைப் படிவம்தான், ஆனால் அதில் லாட் நம்பர் என்று ஒரு கட்டம் கூட.' இந்த ஒட்டுகளை எழுதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நம் ஊர்ப்பக்கம் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். டிக்ளரேட்டிவ், மாடல் என்ற சொற்களை அவர்கள் பயன்படுத்துவதில்லை. செய்வது அதைத்தான்.

ராஜபாளையத்துக்கு இதில் நேரடி உறவும் உண்டு. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அந்தக் குடும்பத்திலிருந்து கிளைத்த ராம்கோ குழுமம் நூலிலிருந்து சிமென்டுக்குப் போயிற்று, பிறகு மென்பொருளுக்கும் வந்தது. 1992-இல் ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஓர் ஆராய்ச்சிப் பிரிவாகச் சென்னையில் தொடங்கிய ராம்கோ சிஸ்டம்ஸ், 'மார்ஷல்' என்ற ஈ.ஆர்.பி. மென்பொருளைச் செய்தது. அதற்குப் பிறகு அவர்கள் உருவாக்கிய 'வெர்ச்சுவல்வொர்க்ஸ்' என்ற தளத்தின் ஆதாரக் கருத்தே மாடல்தான். ஒரு நிறுவனத்தின் வேலை எப்படி நடக்கிறது, அதில் என்னென்ன படிகள், ஒவ்வொரு படியிலும் யார் என்ன பார்க்க வேண்டும் என்பதை மாடலாகப் பதிந்துவிட்டு, மென்பொருளை அதிலிருந்து பிறப்பிப்பது. விமானப் பராமரிப்புக் கம்பெனிகள் வரை அவர்களுடைய மென்பொருள் போயிருக்கிறது. நூற்பாலைக்காரர்கள் மென்பொருள் செய்யப் போனால் இப்படித்தான் யோசிப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். மில்லில் ஒவ்வொரு நூலுக்கும் கையால் முறுக்கேற்றிக்கொண்டிருக்க முடியாது. கவுண்ட் இவ்வளவு, முறுக்கு இவ்வளவு என்று அமைத்துவிட்டால் ஆயிரம் கதிரும் அதையே சுற்ற வேண்டும்.

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் தென்காசி. அங்கே மத்தளம்பாறையில் சோஹோவின் அலுவலகம் இருக்கிறது. சோஹோவின் 'கிரியேட்டர்' 2006-இல் வந்தது. புரோகிராம் எழுதத் தெரியாதவரும் கட்டங்களை இழுத்து வைத்து, அவற்றின் வகையையும் உறவையும் சொல்லித் தனக்கு வேண்டிய செயலியைச் செய்துகொள்ளலாம். இன்று 'லோ-கோட்' என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சு பரவுவதற்கு முன்பே வந்தது அது.

மாடலிலிருந்து திரை பிறப்பது உள்ளே எப்படி நடக்கிறது? இரண்டு வழி உண்டு. ஒன்று, மாடலைப் படித்துப் புரோகிராமை ஒரே தடவையாக எழுதித் தள்ளிவிடுவது. மற்றது, புரோகிராம் எதையும் எழுதாமல், ஒவ்வொரு முறை திரை திறக்கும்போதும் மாடலை அந்த நேரத்தில் படித்து வரைவது. முதல் வழியில் வேகம் உண்டு. ஆனால் எழுதித் தள்ளிய புரோகிராமில் யாராவது கையை வைத்து ஓரிடத்தைத் திருத்திவிட்டால் தொலைந்தது. அடுத்த தடவை மாடலிலிருந்து பிறப்பிக்கும்போது அந்தத் திருத்தம் அழிந்துபோகும். அதற்குப் பயந்து மாடலையே மூலையில் போட்டுவிட்டுப் பழையபடி கையால் எழுதத் தொடங்கிய கம்பெனிகள் உண்டு. நான் இரண்டாம் வழிக்காரன். வரி விகிதத்தை மாற்றிய மறுநிமிஷம் திரை மாறியதற்குக் காரணம் அந்த வழிதான்.

அடுத்தது, ஒரு கட்டத்தில் எண் மாறினால் எவையெல்லாம் மாற வேண்டும் என்பது. எக்செல் தெரிந்த எல்லோருக்கும் இதுவும் தெரியும். 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் செய்த விசிகால்க் என்ற விரிதாள் இதைத்தான் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது. மொத்தம் என்பது இவற்றின் கூட்டு என்று ஒரு தடவை சொன்னால் போதும், எப்போது கூட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக்கையை மாற்றினால் வரிசைத் தொகை, அதிலிருந்து வரி, அதிலிருந்து மொத்தம், அதிலிருந்து இ-வே பில் வேண்டுமா என்ற கேள்வி என்று சங்கிலி ஓடும். எது எதை நம்பியிருக்கிறது என்று ஒரு வரைபடத்தை உள்ளே வைத்துக்கொண்டு, எதையும் நம்பாதவற்றை முதலிலும் எல்லாவற்றையும் நம்பியிருப்பவற்றைக் கடைசியிலும் கணக்கிடுவார்கள். பாவு ஓட்டி, பீமில் சுற்றி, தறியில் ஏற்றிய பிறகுதான் ஊடை ஓட முடியும் என்பது மாதிரி. ஒன்று மற்றொன்றை நம்பி அது மீண்டும் முதலாவதை நம்பினால் சுழலில் மாட்டிக்கொள்ளும். நல்ல கருவி அதை முன்னாலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

திரையைத் திரும்ப வரைவதில் இன்னொரு சிக்கல் இருந்தது. மாடல் மாறிய ஒவ்வொரு முறையும் முழுத் திரையையும் அழித்து வரைந்தால் கண் கூசும், தட்டச்சு செய்துகொண்டிருந்த இடம் தொலைந்துபோகும். எனவே புதுத் திரை எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் நினைவகத்தில் ஒரு கிளைமரமாக வரைந்து, பழைய மரத்தோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தை மட்டும் மாற்றுகிறார்கள். இரண்டு மரங்களை முறையாக ஒப்பிடுவது பெரிய வேலை. ஆயிரம் கணுக்கள் இருந்தால் நூறு கோடி ஒப்பீடு என்ற அளவுக்குப் போகும். 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், இரண்டு எளிய ஊகங்களை வைத்து அதை ஆயிரத்தின் அளவுக்குக் கொண்டுவந்தது. கணுவின் வகை மாறினால் உள்ளே பார்க்காமல் முழுசாக மாற்று. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அடையாளம் கொடு, இடம் மாறினாலும் கண்டுபிடிக்கலாம். அத்தனை பெரிய கணக்கு இந்த இரண்டு ஊகத்தில் அடங்கிப்போனது. அதன்பிறகு 'தகவல் இதுவென்றால் திரை இது' என்று எழுதும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது.

இந்த முறையின் பலன்களில் நான் பெரிதாக மதிப்பது ஒன்று உண்டு: தமிழ். கையால் அளந்து வைத்த திரையில் 'Qty' இருந்த இடத்தில் 'எண்ணிக்கை' என்று போட்டால் கட்டத்தை முட்டும், பக்கத்து எழுத்தின்மேல் ஏறும். அதனாலேயே பல மென்பொருள்கள் தமிழைக் கைவிட்டன. மாடலில் பெயர் தனி, இடம் தனி. ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர் ஒன்று, ஆங்கிலப் பெயர் ஒன்று எழுதி வைத்தால், நீளத்துக்குத் தக்கபடி திரை தன்னை விரித்துக்கொள்ளும். அக்கா ஆங்கிலத்தில் பில் போடுகிறார். தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்து வாங்கும் குடோனில் திரை முழுக்கத் தமிழ். இரண்டும் ஒரே மாடல்தான். குடோனில் இருப்பவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். முன்பெல்லாம் கணினியில் பதிய இன்னொருவரைக் கூப்பிடுவார். இப்போது அவரே பதிகிறார். எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த சம்பளங்களில் அது ஒன்று.

ஆனாலும் தானாக வரைந்த திரை எப்போதும் நல்ல திரை என்று சொல்ல மாட்டேன். கோலம் போடுகிறவளின் கை மாதிரி அந்தப் புரோகிராமுக்குக் கை வராது. அது எல்லாக் கட்டத்தையும் ஒரே மாதிரி மதிக்கும். மாடலில் முப்பது விஷயம் இருந்தால் முப்பதையும் வரிசையாக அடுக்கி வைக்கும். அக்கா ஒரு நாளில் தட்டும் பில்களில் பெரும்பாலானவற்றில் மாறுவது நாலே விஷயம்: வாடிக்கையாளர், பொருள், பேட்ச், எண்ணிக்கை. முதலில் நான் கொடுத்த திரையில் அந்த நாலுக்கு நடுவில் பதினைந்து கட்டங்களைத் தாண்ட வேண்டியிருந்தது. டேலியில் எஃப்-8 தட்டினால் விற்பனை, கன்ட்ரோல்-ஏ தட்டினால் பதிந்தது என்று பழகிய கை அவருடையது. மவுஸைத் தொடுவதே அவருக்குத் தடங்கல். "தம்பி, கையை எடுக்காம அடிக்கிற மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றார். அவர் கேட்டது சரி. மாடலில் தொழில் இருந்தது, வேலை இல்லை. என்ன பொருள், என்ன உறவு என்று எழுதியிருந்தேன். யார், எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் செய்வார் என்று எழுதவில்லை. அதையும் அறிவிப்பாகவே எழுதலாம்: 'பில் போடுபவருக்கு இந்த நாலு முதலில், மற்றவை மடித்து வை, என்டர் தட்டினால் அடுத்தது.' தொழிலின் மாடல் ஒன்று, அதன்மேல் வேலையின் மாடல் இன்னொன்று என்று இரண்டு அடுக்கு வேண்டும்.

இங்கேதான் ரிச்சர்ட் பாசனின் கருத்தோடு எனக்குப் பாதி உடன்பாடு, பாதி வேறுபாடு. 'நேக்கட் ஆப்ஜெக்ட்ஸ்' என்ற பெயரில், மாடலை ஒழுங்காக எழுதினால் தனியாகத் திரை என்று ஒன்று வேண்டவே வேண்டாம், மாடலே திரை என்று வாதித்தவர் அவர். 2004-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அதை முனைவர் ஆய்வாகவே செய்தார். அயர்லாந்தின் சமூக நலத்துறை அந்த முறையில் தன் மென்பொருளைக் கட்டியிருக்கிறது. ஒரு மனுவை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரிக்கு அது பொருந்தும். பொருளும் உறவும் வெளிப்படையாக அவர் கண்முன் இருப்பது அவருக்கு உதவி. நாள் முழுக்க ஒரே பில்லைத் திரும்பத் திரும்ப அடிக்கும் அக்காவுக்குப் பொருந்தாது.

இன்னும் பெரிய இடறல் மாடலிலேயே வரும். சத்திரப்பட்டியில் முதல் மாடலில் நான் 'துணி' என்று ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தேன். தறியிலிருந்து துணி வருகிறது, வெளுக்கப் போகிறது, திரும்பி வருகிறது, வெட்டிச் சுற்றிப் பொதி கட்டுகிறார்கள். ஒரே பொருள் இடம் மாறுகிறது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் இருப்புக் கணக்கு இடித்தது. வெளுப்பறைக்குப் போன எடை திரும்பி வரவில்லை. திருட்டோ என்று முதலாளிக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெளுப்பறை மேஸ்திரி, அறுபது வயதுக்காரர், என்னை உள்ளே கூட்டிப்போய் இரண்டு துண்டுத் துணியை ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். வெளுக்காத காடாத் துணி மேலேயே மிதந்தது. வெளுத்த துணி சட்டென்று நனைந்து அடியில் போயிற்று. "பாவுல போட்ட கஞ்சி போயிரும் தம்பி. பஞ்சுல இருக்கிற மெழுகு, எண்ணெய்ப் பசை எல்லாம் போயிரும். அது போனாத்தான் ரத்தத்தை உறிஞ்சும். எடை எப்படிக் குறையாம இருக்கும்?"

காடாத் துணியும் வெளுத்த துணியும் இரண்டு வெவ்வேறு பொருள். ஒன்று கட்டுத்துணியே அல்ல. மற்றது சட்டப்படி உரிமத்தின் கீழ் வரும் மருத்துவச் சரக்கு. முன்னதுக்குத் தறிக்காரரோடு கணக்குத் தீர்க்கிறார்கள். பின்னதுக்குத் தரச்சோதனையும் பேட்ச் எண்ணும் வேண்டும். நடுவில் நடப்பது இடமாற்றம் அல்ல, ஒரு பொருள் அழிந்து இன்னொரு பொருள் பிறப்பது. மாடலில் 'துணி'யை இரண்டாக உடைத்தேன். வெளுப்பு என்பதை ஒரு நிகழ்ச்சியாகச் சேர்த்து, எடை இழப்பு இவ்வளவுக்குள் இருக்கலாம் என்று ஒரு வரம்பு எழுதினேன். ஒரு மதியத்தில் புதுத் திரைகள் எல்லாம் வந்து நின்றன. திரைக்கு ஆன நேரம் ஒரு மதியம். 'துணி' என்றால் என்ன என்று எனக்குப் புரிய ஆன நேரம் இரண்டு மாதம். திரை வரைவதில் மிச்சம் பிடித்த நாட்களை எல்லாம் வெளுப்பறை வாளிக்குப் பக்கத்தில் செலவழித்திருக்க வேண்டும். இன்று என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளை முதல் வாரம் கணினியைத் தொட விடுவதில்லை.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்காரர் கூப்பிட்டார். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆர்டர்கள் கூடிவிட்டன, பெட்டியில் பேட்ச் எண், தயாரித்த தேதி, கெடு தேதி எல்லாம் ஒழுங்காக வர வேண்டும், எந்தப் பெட்டி எந்தப் பாலிலிருந்து வந்தது என்று கேட்டால் சொல்ல வேண்டும் என்றார். பேண்டேஜுக்கும் பால்கோவாவுக்கும் என்ன சம்பந்தம்? மாடலில் உண்டு. மூலப்பொருள் வரவு, அதிலிருந்து ஒரு பேட்ச், பேட்ச்சிலிருந்து பொதிகள். சத்திரப்பட்டி மாடலில் அந்தப் பகுதியை அப்படியே எடுத்து, நூலின் கவுண்ட் இருந்த இடத்தில் பாலின் கொழுப்பு அளவை வைத்து, கெடு தேதியைச் சேர்த்து, சாயங்காலமே காட்டினேன்.

அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல ஒரு பேட்ச்சுக்கு ஒரு பால் வரவுதான் போட முடியுது" என்றார். "எங்க வாணலியில காலைப் பாலும் சேரும், முந்தின நாள் சாயங்காலப் பாலும் சேரும். ரெண்டு ஊர்ப் பால். எதை எழுதுறது?"

அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். விறகடுப்பில் பெரிய வாணலி. அடிப்பிடிக்காமல் இருக்க ஒருவர் நீளத் துடுப்பால் விடாமல் கிளறிக்கொண்டிருந்தார். சுவரோரம் இரண்டு கேன்கள், இரண்டு வேறு வேறு சங்கத்துச் சீட்டுகளோடு. திரும்பி வந்து மாடலில் பேட்ச்சுக்கும் பால் வரவுக்கும் இடையில் 'ஒன்று' என்று இருந்ததைப் 'பல' என்று மாற்றினேன். ஒரு சொல். கடைக்காரர் முன்னால் திறந்திருந்த திரையில் பால் வரவுக் கட்டம் இருந்த இடத்தில் ஓர் அட்டவணை வந்து நின்றது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரிசையில் சாயங்காலப் பாலை அடிக்கத் தொடங்கினார்.